அழுகல் தேங்காய் தேடிய ஆள்

வெள்ளிக்கிழமை காலை, ஆனைக்கரை 'சொர்க்கவாசல் ஹெலி டூர்ஸ்' கொட்டகையில் தேங்காய் உடைத்தபோது அங்கே இருந்தவர்கள்:

திருமலைசாமி. முதலாளி. கஞ்சிக்கோட்டில் பிரஷர் குக்கர் செய்து பெரிய ஆள் ஆனவர். கையில் தேங்காய்.

சாம்பசிவன். கல்பாத்திக்காரர். கம்பெனிக்குப் பராமரிப்பு இன்ஜினியரும் இவரே, பாதுகாப்பு அதிகாரியும் இவரே. கையில் கற்பூரத் தட்டு.

ஜானவி. பைலட். வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்கூட முழுதாக ஆகவில்லை. கையில் ஹெட்போன்.

ஏசுரத்தினம். விமானப் பாதுகாப்பு இன்ஸ்பெக்டர். கொச்சியிலிருந்து, எப்போது வருவார் என்பதையும் என்ன சாப்பிடுவார் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட்டு வந்தவர். கையில் இட்லித் தட்டு.

முருகேஸ்வரி. குமுளியில் துப்பறியும் நிலையம் நடத்துபவள். காணாமல் போன கணவன்மார்களைக் கண்டுபிடிப்பதில் பேர் வாங்கியவள். கையில் ஒரு பெரிய பை.

லோகேஷ். அவளுடைய உதவியாளன். முப்பத்தைந்து வயது. பைக் ஓட்டுவது, வாய் பேசுவது, மிச்சம் வைப்பதைத் தின்பது மூன்றும் அவன் பொறுப்பு.

பிறகு ராசாத்தி. அது ஹெலிகாப்டரின் பெயர். மூக்கில் சந்தனம், இரண்டு பக்கமும் எலுமிச்சம்பழம், வாலில் வேப்பிலை.

திருமலைசாமி தேங்காயை இரண்டு கையாலும் தூக்கிக் கண்ணை மூடி ராசாத்திக்கு மூன்று சுற்றுச் சுற்றினார். தரையில் பதித்திருந்த கருங்கல்லை நோக்கிக் கையை ஓங்கினார்.

முருகேஸ்வரி லோகேஷின் காதில் சொன்னாள்: "தேங்கா உடையுறப்ப பூராப் பேரும் தேங்காயத்தான் பாப்பாங்க. நீ மூஞ்சிகளப் பாரு."

லோகேஷ் தேங்காயைப் பார்த்தான்.

இரண்டாகப் பிளந்து, உள்ளே வெள்ளை வெளேரென்று பளபளத்தது.

"வெள்ளைங்க! வெள்ளைங்க அம்மணி!" திருமலைசாமி அந்தப் பெரிய உடம்பை வைத்துக்கொண்டு ஒரு குதி குதித்தார். ஜானவி மரியாதைக்குக் கை தட்டினாள். ஏசுரத்தினம் மூக்குக் கண்ணாடியில் தெறித்த தேங்காய்த் தண்ணீரைத் துடைத்துவிட்டு இட்லிக்குத் திரும்பினார். சாம்பசிவன் பக்கத்திலிருந்த எண்ணெய் டப்பாவின் மேல் மெதுவாக உட்கார்ந்தார். வயதான மனிதர், கற்பூரத் தட்டைத் தூக்கிக்கொண்டு எவ்வளவு நேரம் நிற்பார் என்று லோகேஷ் நினைத்துக்கொண்டான்.

விஷயம் இதுதான். திருமலைசாமி தேங்காய் உடைக்காமல் ஹெலிகாப்டரைக் கிளப்ப விட மாட்டார். தேங்காய் நன்றாக இருந்தால் ராசாத்தி பறக்கும். அழுகி இருந்தால் அன்றைக்கு லீவு. தேங்காய் அழுகினால் கண்ணேறு கழிந்தது என்று சந்தோஷப்படுகிறவர்களும் ஊரில் உண்டு. திருமலைசாமி அந்தக் கட்சி இல்லை. "சாமி வேண்டாம்னு சொல்லீருச்சுங்க" என்று சாவியைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார்.

கொஞ்ச நாளாகத் தேங்காய்கள் அடிக்கடி அழுகின. தேனிலவுக்கு வந்த ஜோடிகள் நிற்கிற ஹெலிகாப்டரோடு படம் எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்கள். யாரோ சாமிமாடத்தில் இருக்கும் நல்ல தேங்காயை எடுத்துவிட்டு அழுகலை வைக்கிறார்கள் என்று திருமலைசாமிக்குச் சந்தேகம். நேற்றுதான் முருகேஸ்வரியைக் கூப்பிட்டு வழக்கை ஒப்படைத்தார். அவள் ஒரே ஒரு காரியம் செய்தாள். தன் வீட்டுத் தேங்காயைத் தன் பையிலேயே வைத்திருந்து, காலையில் நேராக முதலாளியின் கையில் கொடுத்தாள்.

"மாத்துறதுக்கு எவனுக்கும் வழியில்லாமப் போச்சு பாத்தீங்களா!" திருமலைசாமி பூரித்தார். "இனி அந்தக் களவாணி ஆருன்னு மட்டும் சொல்லிப்போடுங்க அம்மணி. மத்தியானம் கலியாண ஜோடி ஒண்ணு வருது. ஒரு சீட்டு சும்மாதான் கெடக்கும். உங்க தம்பி ஏறிக்கட்டும், என்ற சார்புல."

லோகேஷுக்குக் காது வரைக்கும் வாய் விரிந்தது. "அக்கா! ஓசி ஹெலிகாப்டர்!"

"கம்பெனி பேர வாசிச்சியாடா?"

"சொர்க்கவாசல்."

"போற எடத்தப் பேருலயே எழுதி வச்சிருக்காங்க. யோசிச்சுக்க."

யோசிக்கிற ஆள் இல்லை லோகேஷ். ஓடிப்போய் ராசாத்தியின் முன் சீட்டில் ஏறிப் பத்துப் பதினைந்து செல்ஃபி எடுத்தான். எதிரே வரிசை வரிசையாக முள்ளும் எண்களும். அதற்கு மேலே சின்னச் சின்ன விளக்குகள். ஒரு விளக்கின் மேல் மட்டும் பெரிய குங்குமப் பொட்டு ஒட்டியிருந்தது, பெண்கள் நெற்றியில் ஒட்டுகிற ரகம். ஹெலிகாப்டருக்குக்கூட நெற்றி எது என்று கண்டுபிடித்துப் பொட்டு வைத்திருக்கிறார்களே என்று வியந்து, அதையும் ஒரு படம் எடுத்துக்கொண்டான்.

இறங்கும்போது சுவரில் ஆணியில் தொங்கிய ஒரு தொப்பி கண்ணில் பட்டது. கம்பளியில் பின்னிய ஆந்தை. பெரிய கண்கள், வளைந்த மூக்கு, இரண்டு காது.

"இது யாரோடதுங்க?"

"அதுங்களா!" திருமலைசாமி பெருமையோடு வந்தார். "நம்ம கம்பெனி ஒரு குடும்பமுங்க. குடும்பத்துல அபசகுனமாப் பேசலாமுங்களா? பழுது, கோளாறு, ஓட்டை, ரிப்பேர், இந்த வார்த்தையெல்லாம் இங்க ஆகாது. ஆராச்சும் பேசிப்போட்டா அன்னிக்குப் பூரா இந்தத் தொப்பியப் போட்டுக்கோணும். சாப்புடறப்பவும் கழட்டப்படாது. ஜோடிகளுக்கு டீ குடுக்கறப்பவும்."

"ரிப்பேர் ஆனா என்னன்னு சொல்லுவீங்க?"

"ராசாத்திக்கு மனசு சரியில்லைன்னு சொல்லோணும்."

"மனசு சரியில்லாதப்ப பறக்குமா?"

"பறந்தா மனசு சரியாயிருமுங்க!"

ஏசுரத்தினம் இட்லியை விழுங்கிவிட்டுத் தலையாட்டினார். "நான் எத்தனையோ கம்பெனி பாத்தாச்சு, கேட்டீரா. ஒரு குறைகூட இதுவரைக்கும் ரிப்போர்ட் ஆகாத கம்பெனி இதாக்கும். நேத்து வந்த உடனே முதலாளியப் பக்கத்துல வச்சுக்கிட்டே இன்ஜினியர்கிட்டக் கேட்டேன், ஏதாவது பழுது உண்டுமான்னு. இல்லைன்னாரு. அவ்வளவுதான் எனக்க வேலை."

லோகேஷ் சாம்பசிவனைப் பார்த்தான். அவர் இன்னும் எண்ணெய் டப்பாவின் மேல்தான் இருந்தார். கற்பூரம் எப்போதோ அணைந்துவிட்டது. தட்டை மட்டும் இறக்கி வைக்கவில்லை.

முருகேஸ்வரி கொட்டகைக்குப் பின்னால் குப்பைக் குழியில் நின்றாள். பழைய தேங்காய் மூடிகள் குவிந்திருந்தன. லோகேஷ் மூக்கைப் பொத்தினான்.

"அக்கா, கணவன்மார்களத் தேடுனப்பகூட இவ்வளவு நாத்தம் இல்ல."

"இருந்துச்சு. நீ வெளிய நின்னுக்கிட்ட." அவள் குச்சியால் மூடிகளைக் கிளறி இரண்டு பக்கமாக ஒதுக்கினாள். "இது நல்லதா உடைஞ்ச காய். இது அழுகுன காய். என்ன வித்தியாசம்?"

"ஒண்ணு சட்னிக்கு ஆகும்."

"தலையப் பாருடா."

லோகேஷ் பார்த்தான். நல்ல காய்கள் எல்லாம் மொட்டை. அழுகல் காய்கள் எல்லாவற்றுக்கும் நறுக்கென்று சீவிய குடுமி.

"ஆனைக்கரைக் கடையில நாரு பூராத்தையும் உரிச்சு மொட்டையடிச்சுத்தான் விப்பான்" என்றாள் முருகேஸ்வரி. "அவனுக்கு அது கறிக்குத்தான். குடுமி வச்ச காய் பூசைக்கு. அதுக்கு நம்ம ஆளுக எங்க போவாங்க?"

"கம்பம்மெட்டு. இருதயம்மாக்கா கடை."

"வண்டிய எடு."

"மத்தியானத்துக்குள்ள திரும்பிருவோம்ல? என் ஹெலிகாப்டர்..."

"எடுறா."

கம்பம்மெட்டு சந்திப்பில் எல்லை சோதனைச்சாவடிக்கு இந்தப் பக்கம் இருதயம்மாளின் பூசைச் சாமான் கடை. கழுத்தில் சிலுவை, கல்லாவுக்கு மேலே மாதா படம், கடை நிறையக் கற்பூரம், விபூதி, குடுமித் தேங்காய். ஏலக்காய்த் தோட்ட வேலைக்குக் கம்பத்திலிருந்து ஜீப்பில் வருகிற பெண்கள் முதற்கொண்டு எல்லாருக்கும் அவள் கடைதான்.

"வாத்தா முருகேசு! எவ புருசன் இந்த வாட்டி?"

"புருசன் இல்லக்கா. தேங்கா."

"தேங்கா ஓடிப்போச்சா?"

லோகேஷ் குறுக்கே விழுந்தான். "அக்கா, சீக்கிரம் சொல்லிருங்க, எனக்கு ஃப்ளைட்டு இருக்கு. உங்ககிட்ட அழுகல் தேங்கா யாராவது வாங்குறாகளா?"

இருதயம்மாள் ஈ விரட்டுவதை நிறுத்தினாள். கடைக்கு வெளியே எட்டிப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"அந்த ஆளப் பத்தி நானே யாருகிட்டயாச்சும் சொல்லணும்னு இருந்தேன். மந்திரவாதியாத்தான் இருக்கணும். எல்லாவனும் காயக் காதுக்கிட்ட வச்சு ஆட்டிப் பாத்து, தண்ணி தளும்புற சத்தம் கேட்டா எடுப்பான். இவரு ஆட்டிப் பாத்து, சத்தம் கேட்டா கீழ வச்சுருதாரு. சத்தமே இல்லாத காயாத் தேடித் தேடி எடுக்காரு. நான் சொன்னேன், 'சாமி, அது கெட்ட காயி, சும்மா எடுத்துட்டுப் போங்க'ன்னு. கேக்கல. முழு விலையக் குடுத்துட்டு, காயப் பாத்து மன்னிச்சுக்கோன்னு சொல்லிட்டுப் போனாரு."

"தேங்காய்கிட்டயா?"

"தேங்காய்கிட்டத்தான். இப்ப அவருக்குன்னே ரெண்டு மூணு கெட்ட காய ஒதுக்கி வைக்கேன். யாவாரம் யாவாரம்தானே."

"ஆளு எப்படி?" என்றாள் முருகேஸ்வரி.

"ஒல்லி. சட்டப் பையில நாலு பேனா. கழுத்துல தொங்குற அட்டைய உள்பக்கமாத் திருப்பி விட்டுருப்பாரு. வார்த்தைக்கு வார்த்த 'கேட்டேளா, கேட்டேளா'ம்பாரு."

லோகேஷுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "சாம்பசிவன் சாரு! பாதுகாப்பு அதிகாரியே களவாணி! கேஸ் முடிஞ்சது. வாங்கக்கா, ஹெலிகாப்டர்."

முருகேஸ்வரி நகரவில்லை. "எந்தெந்த நாளு வருவாருக்கா?"

"அதான் எனக்கும் புரியல. செவ்வா வெள்ளின்னும் இல்ல, அமாவாசைன்னும் இல்ல." இருதயம்மாள் மேலே கை காட்டினாள். "ஒண்ணு மட்டும் கவனிச்சேன். அந்த ஹெலிகாப்டர் இங்கிட்டுத்தான் சுத்தி வரும். நல்லாப் போச்சுன்னா ஒரு வாரத்துக்கு ஆளையே காணமாட்டேன். என்னைக்காச்சும் ஒரு நாளு, கிரைண்டர்ல உளுந்து போடாம வெறுங்கல்ல ஓட்டுனா வருமே, அந்த மாதிரி கரகரன்னு சத்தம் போட்டுக்கிட்டே போகும். மறுநா விடிஞ்சா இவரு வந்து நிப்பாரு."

லோகேஷின் சிரிப்பு பாதியில் நின்றது.

"கடைசியா எப்பச் சத்தம் கேட்டுச்சு?"

"நேத்துச் சாயங்காலம்."

"கடைசியா எப்ப வந்தாரு?"

"இன்னைக்குக் காலைல. நல்லா நாறிப்போன காயா ஒண்ணு கேட்டாரு. குடுத்தேன்."

ஒரு ஜீப் ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று.

"காலைல அந்தாளு எண்ணெ டப்பா மேல உக்காந்தாரே, கவனிச்சியா?" என்றாள் முருகேஸ்வரி.

"வயசாயிருச்சுன்னு நெனச்சேன்."

"அழுகல் காயை மறச்சு வச்சுக்கிட்டு வந்திருக்காரு. நம்ம மாத்த விடல. நல்ல தேங்கா உடைஞ்சிருச்சு. காலு தளந்து உக்காந்துட்டாரு." அவள் பையைத் தோளில் மாட்டினாள். "டேய், அந்தக் கம்பெனியில இருந்த ஒரே பிரேக்கு அந்த அழுகத் தேங்காதான்டா. காசு வாங்கிக்கிட்டு அதப் புடுங்கிப் போட்டது நம்மதான்."

"அக்கா."

"என்ன?"

"எனக்கு அந்தச் சீட்டு வேண்டாம்."

"ஒனக்கு வேண்டாம். அந்தக் கலியாண ஜோடிக்கு யாரு சொல்றது?"

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது ராசாத்தியின் விசிறி இன்னும் சுற்ற ஆரம்பிக்கவில்லை. பின் சீட்டில் புதுப்பெண் தாலிச்சரடின் மஞ்சள் மினுங்க உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை ஒரு குச்சியின் முனையில் போனை மாட்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தான். ஜானவி முன் சீட்டில் பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தாள்.

லோகேஷ் பைக்கை ஸ்டாண்டு போடாமலே குதித்தான். பைக் விழுந்தது. அவனும் விழுந்தான். எழுந்து ஓடிப்போய் ஹெலிகாப்டரின் மூக்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டான்.

"தம்பிக்கு என்னவொரு ஆசை பாருங்க!" என்று திருமலைசாமி நெகிழ்ந்தார்.

லோகேஷ் காலையில் எடுத்த படத்தில் பொட்டைப் பார்த்திருந்த முருகேஸ்வரி நேராக ஜானவியிடம் போனாள். "இந்தப் பொட்டு யாரு வச்சது?"

"அதுவா? நான் சேர்ந்தப்பவே இருந்தது. சாமி விஷயம்னு எம்டி சொன்னார், தொட வேண்டாம்னார்."

"சாமிக்குப் பொட்டு வைப்பாக. மாட்டுக்கு வைப்பாக. லைட்டுக்கு எதுக்குங்க?" கையை உள்ளே விட்டு நகத்தால் கிள்ளி எடுத்தாள்.

பொட்டுக்குக் கீழே இன்னொரு பொட்டு இருந்தது. அது சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

ஜானவி குனிந்து விளக்கைப் பார்த்தாள். பெல்ட்டைக் கழற்றினாள், ஹெட்போனைக் கழற்றினாள், இறங்கினாள். "இது வால் விசிறியோட கியர்பாக்ஸ் விளக்கு" என்றாள். "அது போச்சுன்னா மேல போய் பம்பரமாத்தான் சுத்தணும். நான் பறக்க மாட்டேன்."

"ஏனுங்க கண்ணு, ஒரு சின்ன லைட்டுக்குப் போயி!" திருமலைசாமி பதறினார். "ஏறுறவங்க பயந்துக்கப் படாதுன்னு நாந்தானுங்க பொட்டு வெச்சேன். நா இருவத்தஞ்சு வருசமா குக்கர் செய்யறவன். குக்கர் விசிலடிச்சா என்ன அர்த்தமுங்க? நல்லா வேகுதுன்னு அர்த்தம். விசிலடிக்குதுன்னு அடுப்பத் தூக்கிப் போடுவமுங்களா?"

"எங்க ஊட்ல குக்கர் வீட்டுக்காரியத் தூக்கிக்கிட்டுப் பறக்கறதில்லைங்க" என்றான் லோகேஷ், மூக்கை விடாமல், அவர் பாஷையிலேயே.

சத்தம் கேட்டு ஏசுரத்தினம் ஆபீஸ் அறையிலிருந்து வந்தார். கையெல்லாம் மீன்குழம்பு. முருகேஸ்வரி தேங்காய்க் கதை முழுவதையும் சொன்னாள். கடை, குடுமி, கரகர சத்தம், ஒன்றும் விடவில்லை. சொல்லி முடித்ததும் எல்லாரும் சாம்பசிவனைப் பார்த்தார்கள்.

அவர் தன்னுடைய சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தார். முதல் அடுக்கில் தயிர்சாதம். இரண்டாவது அடுக்கில் தேங்காய். மூடியைத் திறந்ததுமே மாப்பிள்ளை செல்ஃபிக் குச்சியை மடக்கிவிட்டான்.

"சாம்பசிவன்! நீங்களா?" திருமலைசாமி தூக்குக்குள் எட்டிப் பார்த்தார். "ஏனுங்க, நீங்க என்ற குடும்பமில்லீங்களா?"

"நான் ரெண்டு தடவை எழுதிக் குடுத்தேன், கேட்டேளா" என்றார் சாம்பசிவன் தரையைப் பார்த்து. "ரெண்டு தடவையும் கிழிச்சுப் போட்டுட்டு ஆந்தைத் தொப்பியை வச்சு விட்டேள். அதைப் போட்டுண்டுதான் அகத்துக்கு வீடியோ கால் பேசினேன். பேத்தி நெஜ ஆந்தைன்னு பேடிச்சு அழுதா. அப்பறமாக்கும் கவனிச்சேன். நான் சொன்னா தொப்பி. தேங்காய் சொன்னா லீவு."

"அப்போ பழுது உண்டும்!" என்றார் ஏசுரத்தினம்.

சாம்பசிவன் வாயைத் திறந்தார். திருமலைசாமியைப் பார்த்தார். வாயை மூடினார்.

"இதாக்கும் சங்கடம்" என்று ஏசுரத்தினம் பெருமூச்சு விட்டார். "லைட்டு எரிஞ்சா ரெண்டு காரணம் உண்டு. ஒண்ணு, உள்ள பழுது. இன்னொண்ணு, லைட்டே பழுது. எதுன்னு சொல்ல வேண்டியது இன்ஜினியர். அவரு காலைல எல்லாம் சரின்னு கையெழுத்துப் போட்டாச்சு. அவரே வாயத் திறந்து சரியில்லைன்னு எங்கிட்டச் சொன்னா, இப்பவே வண்டியப் பூட்டி சீல் வச்சிருவேன். தேங்காய் சொல்லிச்சுன்னு என்னால எழுத ஒக்குமா?"

"கண்ணுக்கு முன்னாடி செவப்பா எரியுதேய்யா!" என்றாள் முருகேஸ்வரி.

"பாத்தேன். பாக்கது வேற, பதிவு வேற. சாப்பாட்டு எலையில உக்காந்துட்டேன், முடிச்சதும் கொச்சிக்குக் கிளம்பணும். யாருக்காவது எதும் சொல்லணும்னா ஆபீஸ் ரூம்லதான் இருக்கேன்." அவர் உள்ளே போனார்.

திருமலைசாமி அதற்குள் போனை எடுத்துவிட்டார். "ஏனுங் கேப்டன், கோயமுத்தூர்லதான இருக்கறீங்? சாயந்தரத்துக்குள்ள வந்துருங். ஆமாங், இந்தப் புள்ளைக்கு மனசு சரியில்லைங்." போனை வைத்துவிட்டு சாம்பசிவன் தோளில் கை போட்டார். "போச்சாது, உடுங்க. நானும் மறந்தர்றேன். நாளையிலிருந்து தேங்காய நானே வாங்கி, பீரோவுல வெச்சுப் பூட்டிக்கறேன். உங்களுக்கு எதுக்குங்க சிரமம்?"

அவர் ஜோடியைச் சமாதானப்படுத்த டீ சொல்லப் போனார். முருகேஸ்வரி சாம்பசிவன் பக்கத்தில் வந்து நின்றாள்.

"சார், இனித் தேங்காயும் ஒங்களுக்குத் தொணைக்கு வராது. எங்க வேலையால வந்த வினை, ஒத்துக்கிறேன். ஆனா நான் சொன்னா அந்தாளு எழுத மாட்டாரு. நீங்கதான் போகணும்."

"நேக்கு அது வராது, கேட்டேளா. சின்ன வயசிலேருந்தே வராது. வேண்டாம்னு சொல்லத் தெரியாமலேயே மூணு ஸ்கூட்டர் வாங்கியிருக்கேன். நேக்கு ஓட்டவே தெரியாது."

"பழகிப் பாப்போம் சார்" என்றான் லோகேஷ். "எங்கூடச் சொல்லுங்க. பழுது."

"ப..."

"பழு..."

"பழு... பழுத்திருக்கு."

"வாழப்பழமா சார் விக்கிறோம்? இன்னொரு வாட்டி. கோளாறு."

"கோ... கோவிலுக்குப் போணும்."

"அக்கா, இவரு தேறமாட்டாரு."

ஆபீஸ் அறைக்குள்ளே பாயசத்தை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. சாப்பாடு கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டது. லோகேஷ் நேரத்தைப் பார்த்தான். சாயங்காலம் அந்த இன்னொரு பைலட் வந்து, முதலாளி மறுபடி ஒட்டும் பொட்டைச் சாமி காரியம் என்று நம்பி, இந்தப் புதுப்பெண்ணைத் தூக்கிக்கொண்டு போவான். முழு விலை கொடுத்து அழுகல் காய் வாங்கிய ஒரே மனிதர் இதோ நிற்கிறார், வாயில் பூட்டோடு.

அப்போது புதுப்பெண் சீட்டிலிருந்து தலையை நீட்டினாள். ரொம்ப நேரமாகப் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவள்.

"அங்கிள், நீங்கதானே இன்ஜினியர்? யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறாங்க. நாங்க இதுல உக்காரலாமா, கூடாதா?"

அந்தக் கேள்வியை அந்தக் கொட்டகையில் யாரும் கேட்டதில்லை. பழுது உண்டுமா என்று இன்ஸ்பெக்டர் கேட்டிருக்கிறார், முதலாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. கையெழுத்துப் போட்டாயிற்றா என்று முதலாளி கேட்டிருக்கிறார், பேனாவை நீட்டிக்கொண்டு. உட்காரப்போகிற ஆள் கேட்டது இதுதான் முதல் தடவை.

சாம்பசிவன் அவளைப் பார்த்தார்.

"படாது" என்றார்.

"என்ன அங்கிள்?"

"உக்காரப்படாது. கீழ இறங்கும்மா. ரெண்டு பேரும் இறங்குங்கோ. கியர்பாக்ஸ் உள்ள பல் தேஞ்சு பொடி கொட்டறது. நான் கண்ணால பாத்தாச்சு. கையெழுத்துப் போட்டது நான் பண்ணின தப்பு." சொல்லிவிட்டு, இதைச் சொன்னது யார் என்பதுபோல் சுற்றுமுற்றும் பார்த்தார்.

புதுப்பெண் இறங்கினாள். இறங்கியதும் மாப்பிள்ளையைப் பார்த்து, "நான் அப்பவே தேக்கடி போட்டிங்குக்கே போலாம்னேன்ல?" என்றாள். அது அவர்கள் குடும்ப விவகாரம்.

"சார், வந்துருச்சு!" லோகேஷ் கத்தினான். "அப்படியே போங்க, வாய மூடிறாதீங்க, நடுவுல எச்சிகூட முழுங்கிறாதீங்க!"

சாம்பசிவன் நடந்தார். தூக்கை மறந்துவிட்டு, பேனா ஒன்று பையிலிருந்து விழுந்ததையும் கவனிக்காமல், ஆபீஸ் அறையைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தார். டீயோடு வந்த திருமலைசாமி அதைப் பார்த்துவிட்டார். டீத் தட்டை மாப்பிள்ளை கையில் திணித்துவிட்டுப் பின்னாலேயே ஓடினார்.

"ஏனுங்க சாம்பசிவன், எங்க போறீங்? இருங், நானும் வர்றனுங்! குடும்பமுன்னா ஒண்ணாத்தானுங்க பேசோணும்!"

வாசற்படியில் சாம்பசிவன் நின்றார். உள்ளே ஏசுரத்தினம் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்திருப்பது தெரிந்தது. திருமலைசாமி ஒரு காலை வாசலுக்குள் வைக்கப் போனார்.

சாம்பசிவன் திரும்பினார். அவர் முகத்தை லோகேஷ் இந்தத் தடவை ஒழுங்காகப் பார்த்தான். பயம் எங்கேயும் போய்விடவில்லை. அப்படியே இருந்தது. அதையும் கூட்டிக்கொண்டுதான் உள்ளே போய்க்கொண்டிருந்தார்.

"நீங்க வெளியில நில்லுங்கோ" என்றார் முதலாளியிடம்.

திருமலைசாமியின் கால் காற்றிலேயே நின்றது.

சாம்பசிவன் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். முதலில் தாழ்ப்பாள் விழுந்தது. பிறகு, அது போதாது என்று தோன்றியதோ என்னவோ, சாவி ஒரு சுற்று சுற்றிப் பூட்டும் விழுந்தது.